நியூயோர்க் பிரைமரியும் நம் விருப்பு வாக்கும்: வாசகர் கேள்விகளுக்கு அரசறிவியல் ரீச்சரின் பதில்கள்

அமெரிக்க நகரங்களில் முற்போக்காளர்களும் சோசலிசவாதிகளும் ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே நின்று, பதவியிலிருக்கும் உறுப்பினர்களுக்குச் சவால் விடுவதைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்கள் அதிகம். அதனால் இந்த இதழில் வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

அமெரிக்காவில் தேர்தல் நவம்பரில்தானே? ஜூனிலும் ஓகஸ்டிலும் நடக்கும் பிரைமரிக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்? அதுவும் பெருநகரத் தொகுதிகளைப் பற்றியே ஏன் பேசுகிறார்கள்?
– பல்கலைக்கழக மாணவி, வந்தாறுமூலை

மகள், நவம்பரில் இரண்டு கட்சிகளும் மோதுகின்றன. ஆனால் நியூயோர்க்கின் பிரொங்ஸிலும் டெட்ரோய்ட்டிலும் செயின்ட் லூயிஸ் நகரிலும் அந்த மோதலின் முடிவு எல்லோருக்கும் முன்பே தெரியும். ஜனநாயகக் கட்சியின் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் வெல்வார். அப்படியானால் அந்தச் சீட்டு யாருக்கு என்று தீர்மானமாகும் நாள்தான் அங்கே உண்மையான தேர்தல் நாள். அதுதான் பிரைமரி. கட்சித் தலைமை அறைக்குள் கூடி வேட்பாளரைப் பொறுக்குவதில்லை. கட்சியின் சாதாரண வாக்காளர்கள் வாக்குச்சாவடிக்குப் போய்த் தெரிவு செய்கிறார்கள்.

இதை விளங்கிக்கொள்ள நமக்கு விருப்பு வாக்கு போதும். 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்து ஆசனங்களில் தமிழரசுக் கட்சிக்கு மூன்று, தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரஸுக்கு ஒன்று கிடைத்தன. எந்தக் கட்சிக்கு எத்தனை என்பதைக் கட்சி வாக்கு சொன்னது. அந்த நாற்காலிகளில் யார் அமர்வது என்பதை விருப்பு வாக்கு சொன்னது. ஒரு கட்சிப் பட்டியலில் எட்டுப் பேர்; எட்டுப் பேரும் ஒரே சின்னம், எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் போட்டி.

அந்தத் தேர்தல் நாட்களில் கல்லடியில் என் வீட்டுப் படலைக்கு ஒரே கட்சியின் இரண்டு குழுக்கள் ஒரே பின்னேரத்தில் வந்தன. இரண்டு துண்டுப் பிரசுரத்திலும் அதே சின்னம், அதே தலைவரின் படம். ஓரத்தில் பெரிதாக அச்சிட்டிருந்த விருப்பு இலக்கம் மட்டும் வேறு. இரண்டாவதாக வந்த தம்பி, படலைக் கம்பியில் செருகியிருந்த முதல் பிரசுரத்தை உருவி எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தன்னுடையதை அதே இடத்தில் செருகினார். “உங்கள் வேட்பாளருக்கும் அவருக்கும் கொள்கையில் என்ன வேறுபாடு?” என்று கேட்டேன். “எங்கள் ஆள் ஊருக்குள்ளேயே இருப்பவர், ரீச்சர்” என்றார். அதற்கு மேல் அவரிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கட்சி அவருக்குக் கொடுத்து அனுப்பியது அவ்வளவுதான்.

நியூயோர்க்கில் இதே உட்போட்டி நவம்பருக்கு ஐந்து மாதம் முன்பாகவே தனியாக நடந்து முடிகிறது. வீட்டு வாடகை, மருத்துவச் செலவு, காசா என்று கொள்கையை வைத்துத்தான் அங்கே வாதாடுகிறார்கள். நான் இந்தப் பிரைமரிகளை விடாமல் கவனிப்பது அதற்காகத்தான்.

2018 ஜூன் 26ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரொங்ஸும் குயின்ஸும் சேர்ந்த 14ஆம் தொகுதி. பதவியில் இருந்தவர் ஜோ குரோலி. 1999 முதல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், அந்தச் சபையில் ஜனநாயகக் கட்சியின் முதல் நான்கு தலைவர்களில் ஒருவர், குயின்ஸ் கட்சிக் கிளையின் தலைவரும் அவரே. அவர் வந்த வழியைக் கேளுங்கள். 1998இல் அவருக்கு முன்பிருந்த தோமஸ் மன்டன், மனுக் கொடுக்கும் காலம் கடந்த பின்பு விலகிக்கொண்டார். கட்சிக் குழு கூடிக் குரோலியை அந்த இடத்தில் வைத்தது. 2004க்குப் பிறகு அவரை எதிர்த்துப் பிரைமரியில் ஒருவரும் நிற்கவில்லை. 2018இல் 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒக்காசியோ-கோர்ட்டெஸ் நின்றார். அதற்குச் சிறிது காலம் முன்புவரை மதுக்கூடத்தில் பரிமாறும் வேலை செய்தவர். ஒரு விவாதத்துக்குக் குரோலி தான் போகாமல் தன் சார்பில் வேறொருவரை அனுப்பினார். ஒக்காசியோ-கோர்ட்டெஸ் சப்பாத்தின் அடி ஓட்டையாகும்வரை வீடு வீடாக நடந்தார். ஆங்கிலமும் ஸ்பானிய மொழியும் கலந்த அவருடைய சுவரொட்டியில் எழுத்துகள் சாய்ந்து மேல்நோக்கி ஏறும். பெயருக்கு இரு புறமும் ஸ்பானிய முறைப்படி வியப்புக்குறி. அந்தத் தெருக்களில் வாழ்பவர்களுடைய மொழியில் அவர்களோடு பேசிய சுவரொட்டி அது.

ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் வாழும் தொகுதியில் அன்று வாக்களித்தவர்கள் 30,000 பேருக்கும் குறைவு. அவருக்கு 16,898, குரோலிக்கு 12,880. நாலாயிரம் வாக்கு வித்தியாசத்தில் அமெரிக்க அரசியலின் பேச்சே மாறியது. பிரைமரிக்கு வருபவர்கள் குறைவு என்பதால்தான் நடந்து போய்க் கதவைத் தட்டுபவருக்கு அங்கே இடம் கிடைக்கிறது.

முற்போக்காளர், சோசலிசவாதி – இரண்டும் ஒன்றா? இவர்கள் கம்யூனிஸ்டுகளா? நம் ஜே.வி.பி. மாதிரியா?
– கடை உரிமையாளர், காத்தான்குடி

தம்பி, ஜே.வி.பி.யோடு ஒப்பிட வேண்டாம். அது 1965இல் தொடங்கி இரண்டு ஆயுதக் கிளர்ச்சிகளைக் கடந்து வந்த கட்டுக்கோப்பான கட்சி. அமெரிக்க ஜனநாயக சோசலிஸ்டுகள் என்ற அமைப்பு 1982இல் உருவானது; அது கட்சியே இல்லை. சந்தா கட்டும் உறுப்பினர்களைக் கொண்ட இயக்கம். வாக்குச்சீட்டில் அதற்கென்று ஓர் இடம் கிடையாது. தனக்குப் பிடித்தவரை ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் நிறுத்தித் தொண்டர்களை இறக்கும். 2016இல் பெர்னி சாண்டர்ஸ் சனாதிபதி வேட்புமனுவுக்குப் போட்டியிட்ட பிறகுதான் அதன் உறுப்பினர் தொகை பல மடங்கு பெருகியது.

முற்போக்காளர்கள் சந்தையை ஒழுங்குக்குள் கொண்டுவர வேண்டும் என்பார்கள்: கூலி உயர வேண்டும், மருத்துவக் காப்பீட்டை அரசே எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். சோசலிசவாதிகள் இவற்றோடு நிற்க மாட்டார்கள். வீடு, மின்சாரம் போன்றவை இலாபத்துக்கு வெளியே பொது உடைமையாக வர வேண்டும் என்பார்கள். பொஸ்டன் பக்கத்து அயானா பிரெஸ்லியும் சியாட்டிலின் பிரமிளா ஜெயபாலும் முதல் வகை. ஒக்காசியோ-கோர்ட்டெஸும் டெட்ரோய்ட்டின் ரஷீதா தலைப்பும் சோசலிஸ்ட் அமைப்பின் உறுப்பினர்களாகவே தேர்தலில் நின்றவர்கள். சபைக்குள் வாக்களிக்கும்போது பெரும்பாலும் இரு தரப்பாரும் ஒரே பக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரும் நோயாளியின் கையில் யாரும் கட்டணப் பட்டியலைக் கொடுப்பதில்லை. அமெரிக்க சோசலிசவாதி கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பது அதைத்தான். கன்னங்கராவின் காலத்திலிருந்து இலவசக் கல்வியில் வளர்ந்த நமக்கு அந்தக் கோரிக்கையில் பயப்பட எதுவும் இல்லை.

இது நேற்று முளைத்ததும் இல்லை. 1910இல் மில்வோக்கி நகரம் விக்டர் பேர்கரையும், 1914இல் நியூயோர்க்கின் ஏழைக் குடியேற்றவாசிகள் மேயர் லண்டன் என்பவரையும் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, அனுப்பினார்கள். அவர்கள் சோசலிஸ்ட் கட்சியின் பெயரிலேயே நின்று வென்றவர்கள். ஜனநாயகக் கட்சிப் பிரைமரி வழியாக நுழையும் பாதையை 1970இல் ஓக்லண்டில் ரொன் டெலம்ஸ் நடந்து காட்டினார்.

சொந்தக் கட்சி உறுப்பினரையே எதிர்த்து நிற்பது துரோகம் இல்லையா? பொது எதிரிக்கு எதிரே நாம் பிரிந்து நிற்பதாகாதா?
– ஓய்வுபெற்ற கிராம அலுவலர், திருக்கோவில்

ஐயா, உங்கள் கவலையை மதிக்கிறேன். சிறு தொகையினராக வாழும் மக்களுக்கு ஒற்றுமை உயிரோடு சம்பந்தப்பட்டது. ஆனாலும் துரோகம் என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன். கேள்வி கேட்க ஆளில்லாத உறுப்பினர், காலப்போக்கில் தொகுதியைத் தன் வளவு என்று எண்ணிவிடுவார். செயின்ட் லூயிஸில் வில்லியம் கிளே 1969இல் உறுப்பினரானார். 2001இல் அவருடைய மகன் லேசி கிளே அந்த ஆசனத்துக்கு வந்தார். அரை நூற்றாண்டு ஒரே குடும்பம். 2018இல் கோரி புஷ் என்ற தாதி, மகனை எதிர்த்து நின்று தோற்றார். 2020இல் மறுபடி நின்று வென்றார். வாகனத்துக்குள் பிள்ளைகளோடு படுத்து இரவுகளைக் கழித்த காலம் அவர் வாழ்வில் உண்டு. 2021இல், வாடகை கட்ட முடியாதவர்களை வெளியேற்றுவதற்கு இருந்த தடை முடிந்தபோது, அவர் காங்கிரஸ் கட்டடத்தின் படிகளில் படுத்துறங்கிப் போராடினார். சில நாட்களில் பைடன் அரசு புதிய தடை கொண்டுவந்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது வேறு கதை. ஐம்பது ஆண்டுப் பரம்பரை உறுப்பினர் ஒருவர் அந்தப் படியில் படுத்திருப்பாரா?

நம் மண்ணிலும் இது நடந்திருக்கிறது. 1977இல் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி. செ. இராசதுரை தமிழர் விடுதலைக் கூட்டணியின் வேட்பாளர். அதே அணியின் காசி ஆனந்தன் தமிழரசுக் கட்சி வேட்பாளராக அதே தொகுதியில் நின்றார். ஊர் இரண்டாகப் பிளந்து நின்றதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இராசதுரை வென்றார், பின்னர் ஆளும் கட்சிக்கே போய்விட்டார். அந்த உட்போட்டியைப் பொதுத் தேர்தல் நாளிலேயே நடத்தியதுதான் பிழை என்பது என் கருத்து. முன்கூட்டியே தமிழ் வாக்காளர் தங்களுக்குள் வாக்களித்து ஒருவரைத் தெரிந்திருந்தால், தோற்றவரின் ஆதரவாளர்களும் வென்றவருக்குப் பின்னால் நிற்க ஒரு நியாயம் இருந்திருக்கும். இன்றும் நம் கட்சிகளில் வேட்பாளர் பட்டியல் வேட்புமனு நாளுக்கு முதல் இரவுவரை ஒரு சிலர் கையில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உங்களுக்கும் எனக்கும் வாக்கு வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

எவ்வளவு நடந்தாலும் கடைசியில் பணம்தானே வெல்கிறது? 2024இல் பார்த்தோமே.
– வங்கி ஊழியர், அக்கரைப்பற்று

2024இல் பார்த்தது உண்மை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நியூயோர்க்கின் 16ஆம் தொகுதியில் ஜமால் போமன், பாடசாலை அதிபராக இருந்தவர். 2020இல், 1989 முதல் உறுப்பினராகவும் அப்போது வெளியுறவுக் குழுத் தலைவராகவும் இருந்த எலியட் ஏங்கலைத் தோற்கடித்தவர். 2024 ஜூன் 25 பிரைமரியில் அவர் ஜோர்ஜ் லட்டிமரிடம் தோற்றார். இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஏய்பாக்கின் தேர்தல் நிதிக்குழு அந்த ஒரு தொகுதியில் மட்டும் 14 மில்லியன் டொலருக்கு மேல் கொட்டியது. பிரதிநிதிகள் சபைப் பிரைமரிகளில் அதுவரை கண்டிராத செலவு. ஓகஸ்ட் 6இல் கோரி புஷ்ஷும் வெஸ்லி பெல்லிடம் தோற்றார். அங்கேயும் அதே குழு 8 மில்லியனுக்கு மேல் செலவழித்தது. இருவரும் காசாவில் போர்நிறுத்தம் வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் அடங்குவர்.

கவனிக்க வேண்டியது, அந்த விளம்பரங்கள் பெரும்பாலும் காசாவைப் பற்றிப் பேசவில்லை. 2021இல் வீதி, பாலங்களுக்கான உட்கட்டமைப்புச் சட்டமூலத்துக்கு இருவரும் எதிராக வாக்களித்ததைத் திரும்பத் திரும்பக் காட்டின. பெரிய சமூகநலச் சட்டத்தையும் சேர்த்து நிறைவேற்றுங்கள் என்று அழுத்தம் கொடுக்க அப்படி வாக்களித்தார்கள். அது கொள்கை சார்ந்த வாக்கு. ஆனால் பாலம் உடைந்த ஊரில் அதை விளக்க நேரம் வேண்டும். தொலைக்காட்சி விளம்பரத்துக்கு முப்பது செக்கன் போதும். போமனுக்கு இன்னொரு அடியும் விழுந்தது: எல்லை மீள்நிர்ணயத்தில் பிரொங்ஸின் ஒரு பகுதி கழன்று, வெஸ்ட்செஸ்டர் புறநகரின் பங்கு கூடியது. லட்டிமர் அப்போது அந்தப் புறநகரின் நிர்வாகத் தலைவராக இருந்தவர். கல்முனைத் தொகுதியின் எல்லை ஓர் ஒழுங்கை நகர்ந்தால் என்ன நடக்கும் என்று அறிந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இருந்தும் பணம் எப்போதும் வெல்வதில்லை. பிட்ஸ்பேர்க்கில் சமர் லீ 2022இல் அதே குழுவின் மில்லியன் கணக்கான செலவைத் தாங்கி, ஆயிரத்துக்கும் குறைந்த வாக்குகளால் தப்பிப் பிழைத்தார். அடுத்த இரண்டு ஆண்டும் தொகுதிக்குள்ளேயே கிடந்து வேலை செய்தார். 2024இல் இலகுவாக வென்றார். மினியாபொலிஸில் இல்ஹான் ஒமர் 2022இல் இரண்டு சதவீத வித்தியாசத்தில் கரையேறினார். 2024இல் அதே எதிராளியை நன்றாகவே தோற்கடித்தார். தோற்றவர்களையும் வென்றவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தொகுதி மக்கள் தன்னை எவ்வளவு தூரம் அறிந்திருக்கிறார்கள் என்பதுதான் பணத்துக்கு எதிரே ஒருவருக்கு இருக்கும் காப்பு என்று எனக்குப் படுகிறது.

இடதுசாரிகளே ஒருவரை ஒருவர் எதிர்த்து நின்று வாக்கைப் பிரிக்கிறார்களே?
– ஆசிரியர், கல்முனை

என்னை மிகவும் வருத்துவது இதுதான். 2022இல் மன்ஹட்டனின் தென்பகுதியும் புரூக்ளினின் ஒரு பகுதியும் சேர்ந்த 10ஆம் தொகுதியில் டான் கோல்ட்மன் வென்றார். லீவாய் ஸ்ட்ராஸ் ஜீன்ஸ் நிறுவனச் செல்வக் குடும்பத்தின் வாரிசு, மிதவாதி. அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 26 சதவீதம் மட்டுமே. யூ-லைன் நியூவுக்கு 24 சதவீதமளவில். மொன்டேர் ஜோன்ஸ் 18, கார்லினா ரிவேரா 17 சதவீதமளவில் எடுத்தார்கள். இந்த மூவரும் தங்களை முற்போக்காளர்கள் என்றே சொன்னார்கள், ஒருவரும் விலகவில்லை. டெட்ரோய்ட்டில் மறுபக்கமாகவும் நடந்தது: 2018இல் பலர் மோதியதால் ரஷீதா தலைப் மூன்றிலொரு பங்கு வாக்குக் கூட இல்லாமல், ஆயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் பிரெண்டா ஜோன்ஸை வென்றார். 2020இல் அதே பிரெண்டா ஜோன்ஸோடு நேருக்கு நேர் நின்றபோது மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு.

அம்பாறை மாவட்டத்தாருக்கு இது 2020ஐ நினைவூட்டும். தமிழ் வாக்கு இரண்டு அணிகளாகப் பிரிந்தது. இரண்டு அணிக்கும் ஆசனம் இல்லை. கடைசியில் தேசியப் பட்டியல் வழியாகத்தான் ஒருவரை அனுப்ப வேண்டி வந்தது. 2024இல்தான் மீண்டும் ஓர் ஆசனம் கிடைத்தது.

தீர்வு ஒன்று உண்டு, அது நியூயோர்க்கிலேயே இருக்கிறது. நகரசபைக்கும் மேயர் பதவிக்குமான பிரைமரிகளில் வாக்காளர் ஐந்து பேர்வரை வரிசைப்படுத்தலாம். நம் சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று போடுகிறோமே, அதே வகை. 2024 செப்டெம்பரில் முதன்முறையாக நாமும் இரண்டாம் எண்ணிக்கைக்குப் போனோம். 2025 ஜூன் மேயர் பிரைமரியில் சோசலிசவாதியான சோரான் மம்தானியும் முற்போக்காளரான பிராட் லாண்டரும் “எனக்கு முதலாவது, அவருக்கு இரண்டாவது” என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கேட்டார்கள். முன்னாள் ஆளுநர் அன்ட்ரூ குவோமோ தோற்றார். மம்தானி 2026 சனவரி முதல் மேயர். ஆனால் காங்கிரஸ் பிரைமரிகளுக்கு அந்த வரிசை முறை அங்கே இல்லை. பிரித்தால் பிரிந்ததுதான். ஆகவே மனுக் கொடுக்கும் முன்பே பேசி முடிப்பதைத் தவிர வழியில்லை. இதைச் செய்யாத இடதுசாரிகள் மீது எனக்குக் கோபம் உண்டு.

இவர்களில் நம்மவர்கள் யாராவது?
– ஏறாவூர் வாசகி

ஜெயபால் சென்னையில் பிறந்த மலையாளி. சியாட்டிலின் க்ஷமா சாவந்த் புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 2013இல் சோசலிசவாதியாகவே நகரசபைக்கு வென்றார். மணிக்கு 15 டொலர் கூலிக்கான போராட்டத்தில் முன்னின்றார். 2023 பெப்ரவரியில், சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாகச் சியாட்டில் ஆனது அவருடைய பிரேரணையால். ஜனநாயகக் கட்சிக்குள் போக மாட்டேன் என்பவர். காங்கிரஸ் ஆசனத்துக்கும் சுயேச்சையாகவே போட்டியை அறிவித்தார். அந்தப் பிடிவாதத்தில் எனக்கு உடன்பாடில்லை, சாதிச் சட்டத்துக்காக அவரை மதிக்கிறேன்.

இவர்கள் வென்றால் நமக்கு என்ன?
– ஆடைத் தொழிற்சாலை ஊழியர், வாழைச்சேனை

தங்கச்சி, பெரிதாக நம்பிக்கை தர மாட்டேன். 2021இல் இலங்கைத் தமிழர் பிரச்சினை பற்றிப் பிரதிநிதிகள் சபையில் தீர்மான வரைவைச் சமர்ப்பித்த டெபோரா ரொஸ், வட கரோலினாவைச் சேர்ந்தவர், சோசலிசவாதி அல்லர். நம் விடயத்தில் யார் பேசுவார் என்பது கட்சிப் பிரிவைப் பார்த்து வருவதில்லை, தொகுதியில் வாழும் நம் மக்கள் போய்ப் பேசுவதால் வருகிறது.

உங்கள் வேலையைத் தொடும் விடயம் தீர்வை வரி. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதம் என்று அமெரிக்கா அறிவித்தது. பிறகு 30, ஓகஸ்டில் 20. இப்படியான வரி நீங்கள் தைக்கும் சட்டையின் விலையில் ஏறும், உங்கள் மேலதிக நேரக் கொடுப்பனவில் குறையும். அமெரிக்க அரசியலமைப்பு வரி விதிக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸிடம்தான் கொடுத்திருக்கிறது. எனவே குயின்ஸில் ஒருவர் ஜூன் மாதத்தில் போடும் வாக்குக்கும் உங்கள் சம்பளத் துண்டுக்கும் நீண்ட, ஆனால் மெய்யான ஒரு தொடர்பு இருக்கிறது.

என் மகன் குயின்ஸில் இருக்கிறான், குடியுரிமையும் கிடைத்துவிட்டது. பிரைமரியில் வாக்களிக்கப் போனால் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஏன்?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

அக்கா, நியூயோர்க்கில் ஒரு கட்சியின் பிரைமரியில் அந்தக் கட்சியின் வாக்காளராகப் பதிந்தவர் மட்டுமே வாக்களிக்கலாம். உங்கள் மகன் வாக்காளர் பதிவுப் படிவத்தில் கட்சிக்குரிய இடத்தில் “எக்கட்சியும் இல்லை” என்று குறித்திருப்பார். புதிதாகக் குடியுரிமை பெறும் நம்மவர்களில் பலர் எதற்கு வம்பு என்று அப்படித்தான் குறிக்கிறார்கள். நவம்பரில் அவருக்குத் தடையில்லை. ஆனால் முன்பு சொன்னேனே, குயின்ஸில் நவம்பருக்குள் எல்லாம் முடிந்திருக்கும். மிச்சிகனில் கட்சிப் பதிவே கிடையாது. அங்கே இருந்திருந்தால் நேரே போய் வாக்களித்திருக்கலாம். நியூயோர்க்கில் கட்சியை மாற்றிப் பதிய விரும்பினால், ஜூன் பிரைமரிக்கு அந்த ஆண்டு பெப்ரவரி 14க்குள் செய்ய வேண்டும். கட்சியில் சேர்ந்து அட்டை எடுப்பது, சந்தா கட்டுவது எதுவும் இல்லை. படிவத்தில் ஓர் அடையாளம் இடுவது மட்டும்தான். தைப்பொங்கலுக்கு அவர் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லும்போது இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.